மெஷினில் சைபர், காரில் நடுக்கம்

எதிர்வீட்டுப் பையன் பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி ஒன்றை வாங்கினான். அதோடு வந்த 15 அங்குலச் சக்கரங்கள் அவனுக்குச் சப்பென்று பட்டன. ஒரு கடைக்குப் போய் 17 அங்குல அலாய் நான்கும், அகல டயர் நான்கும் மாட்டிக்கொண்டு வந்தான். "அஞ்சு போல்ட்டும் வெண்ணெய் மாதிரி ஏறிடுச்சு" என்று கடையில் சொன்னார்களாம். பார்வைக்கு வண்டிக்கு நாலைந்து வயது குறைந்துதான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, எண்பத்தஞ்சு தாண்டினா ஸ்டியரிங் நடுங்குதுங்க. நூத்திப்பத்துல தானா நின்னுருது. மூணு தடவை பேலன்சிங் பண்ணியாச்சு. மெஷின்ல சைபர்னுதான் காட்டுது."

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில், சக்கரத்துக்கு மட்டும் போல்ட் துளை ஒன்றைப் பார்த்து முகூர்த்தம் குறித்துவிடுகிறோம். அவன் வண்டியில் பார்க்காமல் விட்ட பொருத்தம் எது என்று தேடப் போனால், டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருக்கும் எண்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

அவனுடைய பழைய டயரில் 185/60 ஆர் 15 என்று இருந்தது. புதியதில் 215/40 ஆர் 17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் டயர் உட்காரும் உலோக வட்டையின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று அளவை. வேட்டியின் நீளத்தை மீட்டரிலும் அகலத்தை முழத்திலும் கரையை விழுக்காட்டிலும் சொன்ன மாதிரி. இதைச் சீராக்க முயன்றவர்கள் உண்டு. 1970களின் நடுவில் மிஷலின் நிறுவனம் டிஆர்எக்ஸ் என்ற பெயரில் வட்டையையும் மில்லிமீட்டருக்கு மாற்றி 390 மி.மீ. போன்ற அளவுகளில் விற்றது. பிஎம்டபிள்யூவும் ஃபெராரியும்கூடச் சில மாடல்களில் போட்டுப் பார்த்தன. வேறெந்த டயரும் அந்த வட்டையில் உட்காராது என்பதால் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஏற்பாடு தேய்ந்து மறைந்தது. அங்குலம் பிழைத்துக்கொண்டது.

நடுவிலுள்ள 'ஆர்' பலரையும் ஏமாற்றும். அது ஆரம், அதாவது ரேடியஸ், இல்லை. ரேடியல் என்ற சொல்லின் முதலெழுத்து. டயருக்குள் இருக்கும் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் குறுக்கே, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போகும் திசையில் நேராக ஓடுகின்றன என்று பொருள். ஆரைவாட்டு டயர் என்று சொல்லலாம். மிஷலின் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பு. இந்த இழைகளிடம் பின்னால் திரும்பி வருவோம், வண்டியைத் தாங்குவதே அவைதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 185இல் 60 விழுக்காடு 111 மி.மீ. அது பக்கச் சுவரின் உயரம். மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் 15 அங்குல வட்டை. மொத்த விட்டம் 603 மி.மீ. புதியதில் 215இல் 40 விழுக்காடு 86 மி.மீ. அதையும் இருமடங்காக்கி 17 அங்குலத்தோடு சேர்த்தால் 604 மி.மீ. அதாவது அந்தக் கடைக்காரர் இந்தப் பொருத்தத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார். வெளிவிட்டம் மாறவில்லை. உலோகம் வளர்ந்தது, ரப்பர் சுருங்கியது.

வெளிவிட்டம் ஏன் மாறக் கூடாது? வண்டிக்குத் தான் போன தூரம் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் சொல்லிக் கொடுத்ததைப் பெருக்கித்தான் வேகமானி முள்ளை நகர்த்துகிறது. அவனே 215/45 வாங்கியிருந்தால் விட்டம் 625 ஆகியிருக்கும். முள் 100 காட்டும்போது வண்டி 104இல் ஓடும். ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதி 39 இதில் கறார்: வேகமானி உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது.

பெரிய சக்கரம் பள்ளத்தை எளிதாகத் தாண்டும் என்று கேள்விப்பட்டிருப்போம். மாட்டுவண்டியைப் பொறுத்தவரை முழு உண்மை. வண்டிச் சக்கரம் ஆள் மார்பளவு உயரம் இருந்ததற்குக் காரணமே அதுதான். ஆனால் 17 அங்குல அலாய் போட்ட காரில் சக்கரம் பெரிதாகவே இல்லையே. தரையைத் தொடும் வட்டம் அதே 604தான். பள்ளத்தைப் பொறுத்தவரை மாறியது ஒன்றே ஒன்று: 111 மி.மீ. இருந்த மெத்தை 86 ஆனது.

அந்த மெத்தை எப்படி வேலை செய்கிறது என்பதில் ஓர் அழகான புதிர் இருக்கிறது. 'காற்று வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது' என்போம். யோசித்தால் இடிக்கும். டயருக்குள் இருக்கும் காற்று எல்லாத் திசையிலும் ஒரே அளவில்தான் அழுத்துகிறது. வட்டையைக் கீழேயிருந்து மேலே எவ்வளவு தள்ளுகிறதோ, மேலேயிருந்து கீழேயும் அவ்வளவே தள்ளுகிறது. இரண்டும் கழிந்துபோகும். அப்படியானால் வண்டியைத் தூக்குவது யார்?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, காற்றழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு இறக்கி, வண்டியின் எடை அதன்மேல் வந்தபின் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் இருந்தாலும் மானியில் கண்டுபிடிப்பது கடினம். கால் டன்னுக்கு மேல் எடை ஏறியும் உள்ளே காற்று நெரியவில்லை. ஆக, காற்றை நெரித்துத் தாங்கும் தலையணை அல்ல டயர்.

நடுவில் ஓர் இரும்பு வளையம், அதைச் சுற்றி வட்டமாக நூறு பேர், ஆளுக்கொரு கயிறு கட்டித் தம் பக்கம் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சமமாக இழுத்தால் வளையம் நகராது. கீழ்ப்பக்கம் நிற்கும் நாலு பேர் மட்டும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால்? வளையம் மேலே போகும். அந்த நூறு கயிறுகள்தான் டயரின் இழைகள். அவற்றை விறைப்பாக வைத்திருப்பது காற்றழுத்தத்தின் வேலை. தரையில் அமுங்கும் இடத்தில் பக்கச் சுவர் பிதுங்குகிறது, அங்கே வட்டையைக் கீழே இழுக்கும் இழுப்பு தளர்கிறது, மற்ற இழைகள் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. ஆக, உங்கள் கார் காற்றின்மேல் உட்கார்ந்திருக்கவில்லை. நூலில் தொங்குகிறது. சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்குகளும் இதே சூத்திரம்தான்.

இது புரிந்தால், குட்டைச் சுவர் டயர் ஏன் நம் சாலையில் அடி வாங்குகிறது என்பதும் புரியும். பிதுங்குவதற்குச் சுவர் வேண்டும். 111 மி.மீ. சுவர் பள்ளத்தின் விளிம்பில் மடிந்து எழுந்துவிடும். 86 மி.மீ. சுவர் மடிந்து முடிவதற்குள் வட்டை தரையின் விளிம்பை எட்டிவிடுகிறது. நடுவில் சிக்கிய ரப்பர், அம்மிக்கும் குழவிக்கும் இடையில் அகப்பட்டது போல நசுங்குகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே நாலைந்து இழை அறுந்திருக்கும். ஒரு வாரம் கழித்து அந்த இடம் மட்டும் கொப்புளம்போல் வீங்கும். பஞ்சர் கடையில் 'பல்ஜ்' என்று சொல்லி உதட்டைப் பிதுக்குவார்கள். ஒட்டுப் போட முடியாது, ஏனென்றால் அறுந்தது ரப்பர் இல்லை.

வட்டையும் தப்பாது. அலாய் வட்டைகளைச் சோதிக்கும் கூடத்தில் சக்கரத்தை 13 டிகிரி சாய்த்து வைத்து, விளிம்பின்மேல் உயரத்திலிருந்து எடையைப் போடுவார்கள். நடைபாதை விளிம்பில் மோதுவதன் நகல் அது. ஜப்பானியச் சக்கரங்களில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்று பொறித்திருப்பது இதுபோன்ற சோதனைகளின் முத்திரை. முத்திரை இல்லாத மலிவுச் சக்கரத்தில் அந்தச் சோதனையை முதன்முதலில் செய்பவர் நீங்களாக இருக்கலாம்.

டயரின் அளவுக்குப் பின்னால் ஓர் எண் வருமே, 83, 84 என்று, அதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ஒரு டயர் சுமக்கக்கூடிய எடைக்கான குறியீடு அது. 84 என்றால் 500 கிலோ; 83 என்றால் 487. பையனின் பழைய ஒல்லி டயர் 84. புதிய அகல டயரின் சாதாரண வகை 83! அகலம் கூடியும் சுமை குறைகிறது, உள்ளே காற்றுக்கான இடம் குறைந்துபோனதால். நல்லவேளை, அவன் வாங்கியது கூடுதல் அழுத்தம் தாங்கும் 87 வகை, 545 கிலோ.

சரி, அகலம் எதற்கு? இங்கேதான் எல்லோரும் சொல்லும் காரணம் தவறு. 'அகல டயர் தரையில் அதிகப் பரப்பைத் தொடும், அதனால் பிடிப்பு கூடும்' என்பார்கள். போலோவின் எடை சுமார் 1,100 கிலோ. ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 275. டயரில் இருப்பது ஒரு சதுர செண்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.2 கிலோ அழுத்தம். அந்த எடையைத் தாங்க 125 சதுர செண்டிமீட்டர் போதும். ஓர் அஞ்சலட்டையின் பரப்பு. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் குடும்பத்துக்கும் தார்ச்சாலைக்கும் உள்ள உறவு நாலு அஞ்சலட்டைதான். இதில் டயரின் அகலம் வரவே இல்லை பாருங்கள். டயர் வெறும் பலூன் அல்ல என்பதால் கணக்கு அச்சுப் பிசகாமல் வராது. ஆனாலும் அகலப்படுத்தினால் முக்கியமாக மாறுவது அட்டையின் பரப்பு அல்ல, அது கிடக்கும் திசை. நீளவாக்கில் கிடந்தது குறுக்குவாக்கில் திரும்புகிறது. மை தடவிய டயரைக் காகிதத்தில் இறக்கி எடுத்தால் கண்ணாலேயே காணலாம்.

குறுக்கே கிடக்கும் அட்டைக்கு வளைவில் பலன் உண்டு. சுமை அகலமாகப் பரவுகிறது, சூடு ஒரே இடத்தில் தேங்குவதில்லை, குட்டைச் சுவர் பக்கவாட்டில் குறைவாக நெளிவதால் ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி கேட்கிறது. ஆனால் அகலத்துக்குக் கிடைக்கும் பெயரில் பெரும்பங்கு ரப்பர் கலவைக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி.

ரப்பரின் பிடிப்பு பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு அல்ல. 1963இல் குரோஷ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட பரிசோதனை இதைத் தெளிவாக்கியது. ரப்பர்த் துண்டுகளைக் கண்ணாடி மீதும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பரப்பின் மீதும் நத்தை வேகத்தில் இழுத்தார். உராய்ந்து உண்டாகும் சூடு கணக்கைக் குழப்பக் கூடாதே. குளிரிலும் சூட்டிலும் திரும்பத் திரும்பச் செய்தார். வேகத்தைக் கூட்டுவதும் வெப்பத்தைக் குறைப்பதும் ரப்பருக்கு ஒன்றே என்று வந்தது. ரப்பர் பிடிப்பது இரண்டு விதமாக. மூலக்கூறுகள் பரப்போடு ஒட்டி ஒட்டிப் பிய்வது ஒன்று. தார்ச்சாலையின் கற்களுக்கு நடுவே பிசைந்த மாவு போல இறங்கி, மெதுவாக மீண்டு, அந்தத் தாமதத்தில் ஆற்றலை இழப்பது இன்னொன்று. இரண்டுமே கலவையின் குணம். அகலத்தின் குணம் அல்ல.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது. 2012இல் டொயோட்டா '86' என்றொரு ஸ்போர்ட்ஸ் காரை விட்டது. அதில் வந்த 215/45 ஆர் 17 மிஷலின் பிரைமசி டயர், அதே நிறுவனத்தின் சிக்கனக் கார் ப்ரியஸிலும் போடப்பட்ட வகை. கஞ்சத்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா வேண்டுமென்றே செய்தது அது. பிடிப்பைக் குறைத்து வைத்தால் மிதமான வேகத்திலேயே வண்டி வழுக்கத் தொடங்கும், ஓட்டுபவருக்கு வண்டியோடு விளையாடக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அதே அளவில் நல்ல கலவை டயர் மாட்டியவர்கள், வட்டையை மாற்றாமலே வேறொரு காரை ஓட்டினார்கள்.

மழையில் அகலத்தின் கதை தலைகீழ். தோணியின் கூர்மூக்கு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். பரிசலின் தட்டை அடி கிழிக்காது, மேலேறி மிதக்கும். அகல டயர் பரிசல் சாதி. 1960களில் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஹார்னும் குழுவினரும் விமான டயர்களைத் தண்ணீர் நின்ற தளத்தில் ஓடவிட்டு, எந்த வேகத்தில் டயர் தரையை விட்டு எழும்பி நீரில் மிதக்கிறது என்று கண்டார்கள். காற்றழுத்தம் குறையக் குறைய அந்த வேகமும் குறைந்தது. ஐப்பசியில் காற்றடிக்க மறப்பவர்கள் கவனிக்க.

எடையைப் பற்றி ஒரே பத்தி. சுற்றும் பொருளின் விளிம்பில் ஏற்றும் ஒரு கிலோ, வண்டி கிளம்பும்போது ஏறக்குறைய இரண்டு கிலோவுக்குச் சமம். அதை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே அளவு ஆற்றல். எட்டு மடங்கு, பத்து மடங்கு என்று கடைகளில் சொல்வதெல்லாம் அளப்பு, இரண்டைத் தாண்டாது. அந்த இரண்டே போதும். அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் ஒரே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் 15 முதல் 19 அங்குலம் வரை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தது. வளைவில் பிடிப்பு கூடியது. வேகமெடுப்பது மந்தமானது, எரிபொருள் சிக்கனம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

இனி சக்கரத்தின் முதுகைத் திருப்பிப் பார்ப்போம். அங்கே 'ஈடி 35' என்பது போல ஓர் எழுத்து இருக்கும். ஜெர்மன் சொல்லொன்றின் சுருக்கம். சக்கரத்தின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போடுங்கள். குடத்தில் அமரும் முகம், கடையில் ஹப் என்கிறார்களே அதில் ஒட்டும் முகம், அந்த நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்பதே ஈடி. விலகல் என்போம். எண் குறையக் குறையச் சக்கரம் வண்டிக்கு வெளியே துருத்தும். ஒரு கணக்குக்கு, 6 அங்குல அகலம் ஈடி 40 இருந்த இடத்தில் 7.5 அங்குலம் ஈடி 35 மாட்டினால், வெளி விளிம்பு 24 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 14 மி.மீ. உள்ளே போகும். வெளியே மட்கார்டு, உள்ளே ஷாக் அப்சார்பர்.

உரசாவிட்டாலும் மாற்றம் உண்டு. முன்சக்கரம் திரும்புவது கதவு கீலில் திரும்புவது போல. கீலுக்கு அருகில் தள்ளினால் கதவு அசையாது, தள்ளி நின்று தள்ளினால் ஒரு விரல் போதும். சக்கரம் வெளியே வர வர, தரை கொடுக்கும் ஒவ்வொரு உதையும் கீலிலிருந்து தள்ளி விழுகிறது. ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். ஆனாலும் பையனின் நடுக்கம் இந்த ஜாதி இல்லை. பள்ளமே இல்லாத சாலையிலும் வந்தது, 85இல் வந்து 110இல் போனது.

அந்த இரண்டு எண்கள்தான் துப்பு. 604 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் 1.9 மீட்டர் போகும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 13 சுற்று. காரின் சக்கரம், ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவே தானாகத் துள்ளும் இயல்பான வேகம் வினாடிக்குப் பத்திலிருந்து பதினைந்து தடவை. ஊஞ்சல் வரும் நேரம் பார்த்துத் தட்டினால் சுண்டுவிரலே போதும் அல்லவா? 90இல் யாரோ நேரம் பார்த்துத் தட்டுகிறார்கள். 110இல் தாளம் தப்பிவிடுகிறது.

தட்டுவது யார்? ஐந்து துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டத்தைக் கடையில் பிசிடி என்பார்கள். போலோவுக்கு 100 மி.மீ. ஐந்து துளையில் எதிரெதிர் ஜோடி கிடையாது என்பதால் அளவுகோலை நேராக வைக்க முடியாது. அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு நடுவே 58.8 மி.மீ. இருந்தால் 100 என்று அறியலாம். அவன் சக்கரத்தில் சரியாக இருந்தது. சொன்னேனே, டொயோட்டா 86, அதற்கும் ஐந்து துளை, அதே 100தான். ஆனால் குடத்தின் நடுவே துருத்தும் குமிழ் அங்கே 56.1 மி.மீ., போலோவில் 57.1. கடைகளில் விற்கும் சக்கரங்கள் எல்லாக் காருக்கும் ஆகட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாகவே வார்க்கிறார்கள், பெரும்பாலும் 73.1. மிச்ச இடத்தை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். மோதிரம் மாதிரி, பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ. சுமை தாங்க அல்ல. சுமையைத் தாங்குவது போல்ட் இறுக்கத்தில் இரு முகங்களும் கவ்வும் உராய்வு. மோதிரத்தின் வேலை, இறுக்கும்வரை சக்கரத்தை நட்டநடுவில் பிடித்து வைப்பது.

ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். மோதிரம் இல்லை. போல்ட்டும் பழையது. போலோவின் போல்ட்டுக்குக் கழுத்து உருண்டை; புதிய சக்கரத்தின் துளையோ கூம்பு. கூம்புக்குள் உருண்டை மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும். இறுகின மாதிரி இருக்கும், நடுவுக்கு இழுக்காது, நாளடைவில் தளரவும் செய்யும்.

மெஷின் ஏன் சைபர் காட்டியது? அங்கே சக்கரத்தை அதன் சொந்த நடுத்துளையில் கூம்பு செருகித்தான் சுழற்றுகிறார்கள். தன் மையத்தில் அது குற்றமற்ற சக்கரம். காரில் ஏறியபோது அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தது. டயரோடு 20 கிலோ இருக்கும் சக்கரம் அரை மில்லிமீட்டர் விலகினால், விளிம்பில் 45 கிராம் ஈயம் ஒட்டியதற்குச் சமம். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏழு கிலோ எடையின் உதை, வினாடிக்கு 13 தடவை. மெஷினும் பொய் சொல்லவில்லை, காரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு மையத்தைச் சுற்றின.

73.1க்கு 57.1 மோதிரம் நான்கும், கூம்புக் கழுத்து போல்ட் இருபதும் வாங்கி வந்தான். சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போதே, ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திரம் போடும் வரிசையில் முடுக்கினோம். கடைசி இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், ஒரு மீட்டர் நீளப் பிடியின் முனையில் 12 கிலோ தொங்கவிட்ட அளவு. அன்று மாலையே பாலக்காடு சாலையில் ஓட்டிவிட்டு வந்து சிரித்தான். நடுக்கம் சுத்தமாக நின்றுவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் அப்பா, அம்மா, பாட்டி மூவரையும் ஏற்றிக்கொண்டு மருதமலைக்குப் போனான். திரும்பி வந்தவன் பின்சக்கரத்தருகே குந்தி, மட்கார்டின் உள் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தது.

"மாமா, இதுக்கும் ஏதாச்சும் மோதிரம் இருக்குங்களா?"

வட்டையின் முதுகைப் பார்க்கச் சொன்னேன். ஈடி 35 என்றிருந்தது.